போனாப் போவுது

அவர் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று தங்க நிற மூடி போட்ட மைப் பேனா. அதை அவரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. மற்றது மூடியின் காது உடைந்த நீலப் பால்பாயிண்ட். யாராவது "சார், பேனா இருக்கா?" என்று கை நீட்டினால் இரண்டாவதுதான் வெளியே வரும்.

"எரவல் குடுத்த பேனா திரும்பி வராது நைனா," என்பார் என்னிடம். "வராதுன்னு தெரிஞ்சிகினே குடுக்கறதுக்குன்னு ஒண்ணு தனியா வெச்சிக்கணும். போனாப் போவுது."

பேனா மட்டுமில்லை. இரண்டு கம்பி துருத்திய இரவல் குடை ஒன்று மேஜைக்கு அடியில் கிடக்கும். பைக்கில் பின்னால் உட்காருகிறவனுக்கென்று வார் அறுந்த ஹெல்மெட் ஒன்று. மஞ்சள் காமாலை வந்து நான் அலுவலகத்திலேயே சுருண்டு விழுந்த பகலில், கேளம்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரை என்னை வண்டியில் வைத்துக் கொண்டுபோனவர் அவர்தான். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. திருப்போரூர் தாண்டியதும் வயல்காற்று அந்த ஹெல்மெட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. ஒரு கையால் அதையும் மறு கையால் அவர் இடுப்பையும் பிடித்துக்கொண்டு, கண் வெள்ளையெல்லாம் மஞ்சளாக, வெயிலே மஞ்சளாக, போய்க்கொண்டிருந்தேன். "கெட்டியா புடிச்சிக்கோ. மண்ட முக்கியம்," என்றார். அவர் தலையில் வார் உள்ள ஹெல்மெட் இருந்தது.

பிரியம் இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது? கொடுக்கத் தெரிந்தவர். எதைக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே எடுத்துவைத்திருந்தவர்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய மாமல்லபுரம் சாலையில் உப்பளக் காற்றுக்கு எதிராகக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் இரண்டாம் மாடியில் எங்களுக்கு வேலை. அமெரிக்காவில் யாரோ உடைத்துக்கொண்ட எலும்புக்கு, இன்ஷூரன்ஸ் கணக்குக்காக, இங்கே எண் போடுவது. தோள்பட்டை இறங்கினால் எண்ணூற்று முப்பத்தொன்று. பாதம் கிழிந்தால் எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஒரு மனிதனின் ஆ என்ற சத்தம் கடல் தாண்டி வருவதற்குள் மூன்று இலக்கமாகிவிடும். அவர் எங்கள் மேற்பார்வையாளர். செங்கல்பட்டுக்கு உள்ளே ஒரு விவசாயக் கிராமத்திலிருந்து வந்தவர். எண்கள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம். பஸ்ஸில் யாராவது நொண்டிக்கொண்டு ஏறினால் உதடு அசையும்.

அமெரிக்காவிலிருந்து ஒருமுறை வந்துபோன வெள்ளைக்காரர் எங்களுக்கு ஒரு விளையாட்டைக் காட்டினார். "எங்கள் ஊர் எலும்பு ஏன் இப்படி உடைகிறது என்று தெரிய வேண்டுமானால் எங்கள் ஊர் ஃபுட்பாலைத் தெரிந்துகொள்ளுங்கள்," என்றார். பெயர்தான் ஃபுட்பால். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். மற்றவர்கள் விழுந்து அமுக்குவார்கள். இணையத்தில் அதை நிர்வாகம் செய்யும் ஆட்டம் ஒன்று இருந்தது. ஓடுவது, விழுவது எதையும் பார்க்க முடியாது. வெறும் பட்டியல். எவன் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பெயர்களை நிரப்பிவிட்டுப் போனால், அமெரிக்க இரவில் இயந்திரம் ஆட்டத்தை நடத்தி முடித்துவிடும். நமக்குக் காலை ஆறரைக்கு முடிவு வரும். அவரோடு சேர்த்து நாங்கள் பன்னிரண்டு பேர் ஆடினோம், ஆளுக்கொரு அணி. ஏழு மணி வேலைக்கு ஆறரைக்கே வந்து குவிந்தோம்.

பட்டியலின் கடைசியில் ஒரு பகுதி. ஸ்பெஷல் டீம்.

ஸ்பெஷல் என்றால் எங்களுக்குத் தெரியாதா? டீக்கடையில் ஸ்பெஷல் டீ, சாதா டீ. ஓட்டலில் சாதா தோசைக்கு மேல் நெய் மணக்கிற ஸ்பெஷல் தோசை. கோயிலில் ஸ்பெஷல் தரிசனம். பதினொரு பேரும் ஒரே மாதிரி யோசித்தோம். எங்கள் அணியிலேயே வேகமானவன், விலாவில் இரும்பு வைத்தவன், பிள்ளை போல வளர்த்தவன், எல்லாரையும் பொறுக்கி ஸ்பெஷலில் போட்டோம்.

மூன்றே வாரம். காலை ஆறரைக்குத் திரை திறந்தால் சிவப்புச் சிவப்பாகக் காயங்கள். நட்சத்திரங்களெல்லாம் முட்டி போய், தோள் போய், கழுத்து போய்க் கிடந்தார்கள்.

அவர் அணியில் ஒரு கீறல் இல்லை.

"இன்னா நைனா, ஸ்பெஷல்னா தோசைன்னு நெனச்சிட்டீங்களா?" என்று சிரித்தார். அவர் மட்டும்தான் ஆட்டத்தின் உதவிப் பக்கங்களை அச்செடுத்துப் பஸ்ஸில் வைத்துப் படித்திருந்தார். பந்தைக் காலால் உதைக்கிற சில நிமிடங்களுக்கு மட்டும் உள்ளே வருகிறவர்கள்தான் ஸ்பெஷல் டீம். ஒருவன் குனிந்து இரண்டு காலுக்கு நடுவே பந்தைப் பின்னால் தள்ளுவான். ஒருவன் உதைப்பான். மற்றவர்கள் மைதானம் நீளத்துக்கு ஓடிப்போய், எதிரே அதே வேகத்தில் வருகிறவர்கள் மேல் மோதுவார்கள். அவ்வளவுதான் வேலை. மோதுவது. பிறகு வெளியே போய்விட வேண்டும்.

"அதுல எவன போடணும்? வயசானவன், நொண்டி, ஒரே ஒரு வேல தெரிஞ்சவன். ஆனா ஒரு எடத்த கூட காலியா வுடக் கூடாது. காலியா வுட்டா மெஷினே ரொப்பிடும். யார வெச்சி ரொப்பும்? இருக்கறதுலயே நல்லவனா பாத்து ரொப்பும். புரிதா?"

அவர் திரையில் அந்தப் பகுதிக்குத் தானே ஒரு பெயர் கொடுத்து வைத்திருந்தார், ஆங்கில எழுத்தில், நம் தமிழில்: போனாப் போவுது லிஸ்ட்டு.

அடுத்த வாரம் அந்த லிஸ்ட்டுக்கு எங்கள் பெயர்களைச் சூட்டினார். ஆட்டக்காரர்களுக்குப் பெயர் மாற்ற ஆட்டத்தில் வசதி இருந்தது. அதன்பிறகு எங்கள் காலைகள் இப்படி விடிந்தன. கைப்பை வைக்கும் முன்பே அவர் குரல்: "யோவ் மச்சான், நேத்து உன் தோளு பூட்ச்சி. எட்நூத்தி முப்பத்தொண்ணு. நாலு வாரம் ரெஸ்ட்டு." பெயருக்குச் சொந்தக்காரன் தோளைத் தடவிக்கொள்வான். எல்லாரும் சிரிப்போம். சிரிப்பு முடிந்ததும் அன்றைய அமெரிக்க எலும்புகளைத் திறப்போம்.

நான் குனிகிறவன். "நீ குனிஞ்சி குடுக்கறதுல கெட்டிக்காரன் நைனா. பின்னாடி இன்னா நடக்குதுன்னு உனக்குத் தெரியவே வேணாம்," என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்து ஒரு நாள் முழுக்க எனக்குள் சிறு விளக்கு ஒன்று எரிந்தது.

முதலில் ஓடிப்போய் மோதுகிறவன், தசரதன்.

தசரதன் என் பக்கத்து நாற்காலி. கடப்பாக்கத்துக்காரன். அவன் வீட்டில் கடலுக்குப் போகாமல் சம்பளத்துக்குப் போன முதல் ஆள். இரண்டு பஸ் மாறி வருவான். கணினி முன்னால் உட்காரும் முன் கையை மோந்து பார்த்துக்கொள்வான், மீன் வாசனை இருக்கிறதா என்று. இருக்காது. ஆனாலும் பார்ப்பான். அவன் அந்த ஆட்டம் ஆடவில்லை. காலையில் அவர் "தசரதா, மறுபடி முட்டி போச்சிடா," என்றால் மட்டும், "பரவால்ல சார், ஓடினேன் இல்ல?" என்பான். அவனுக்கு ஓடியதே பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். அவர் நண்டின் கொடுக்கை உடைத்து உறிஞ்சியபடி, "அம்மா, உன் புள்ள எங்க ஆபீஸ்ல முக்கியமான ஆளு," என்றார். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இன்னும் இரண்டு நண்டை அவர் இலையில் போட்டாள்.

சாப்பிட்டுவிட்டு ஆலம்பரைக் கோட்டைக்கு நடந்தோம். இடிந்த செங்கல் சுவர், அப்பால் கழிமுகம், அதற்கும் அப்பால் மணல் திட்டு, பிறகு கடல். தண்ணீர் கலங்கலாகக் கிடந்தது. அவர் கரையில் நின்று பார்த்தார்.

"அந்தாண்ட போலாமா? எவ்ளோ ஆழம்னு தெரில. தசரதா, நீ எறங்கு."

அவன் பேண்ட்டைச் சுருட்டினான். சுருட்டியது வீண். முட்டி, இடுப்பு, நெஞ்சு. கையை மேலே தூக்கிக்கொண்டு நடந்து அக்கரையில் ஏறி, சூரியனுக்கு எதிரே கறுப்பாக நின்று கத்தினான்: "இவ்ளோதான் சார்! வாங்க!"

"நெஞ்சு வரைக்கும் வருதே," என்றார் அவர் எங்களிடம். "வேணாம். வேன்ல போய் ஒக்காருவோம்."

திரும்பினோம். நானும்தான். பின்னால் "சார், வாங்க சார்" என்று இரண்டு முறை கேட்டது. பிறகு அந்தக் குரலைக் காற்று வாங்கிக்கொண்டது. அவன் ஓடிவந்து வேனில் ஏறியபோது தண்ணீர் சொட்டியது. வலது காலைப் பலகைக்கு அடியில் ஒளித்துக்கொண்டான். சிப்பி கிழித்திருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். "எட்நூத்தி தொண்ணூத்திரெண்டு," என்றார். வேன் குலுங்கச் சிரித்தோம். தசரதனும் சிரித்தான். அவன் காலடியில் ரப்பர் விரிப்பு சிவந்துகொண்டிருந்தது.

அவர் அழுததையும் பார்த்திருக்கிறேன். போனாப் போவுது லிஸ்ட்டில் ஒரே ஒருவனுக்கு மட்டும் அவர் எங்கள் பெயரைச் சூட்டவில்லை: பந்தை உதைக்கிறவனுக்கு. அவனுக்கு இயந்திரம் கொடுத்த ஏதோ அமெரிக்கப் பெயர் அப்படியே இருந்தது. "அவன் காலு சாமி காலு மச்சான்," என்பார். ஒரு பருவம் முடிந்த காலையில் திரையில் ஒரு வரி வந்தது. வயது காரணமாக அவன் ஓய்வு பெற்றான். அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், மாடிப் படியில் உட்கார்ந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது. நாஸ்தா வேண்டாம் என்று கையை ஆட்டினார். நாங்கள் கால்விரலில் நடந்தோம், சாவு வீட்டில் நடப்பது போல. முகமே இல்லாதவன். ஒரு பெயரும் ஏழெட்டு எண்களும்.

அது ஒரு மத்தியானம். மழை வருவது போல வந்து ஏமாற்றியிருந்தது. என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒக்காரு நைனா. சாப்டியா?"

மேஜையில் ஒரு தாள். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள். பத்துக்கு எதிரே பத்துப் பெயர், மைப் பேனாவின் அழகான சாய்வெழுத்தில். தலைப்பு: ஸ்பெஷல் டீம்.

"இன்னா சார் இது?"

"பழைய வேல ஒண்ணு கீது. அமெரிக்காக்காரன் அத்த இழுத்து மூடப் போறான். மூடறதுக்கு முன்னாடி மிச்சம் மீதிய முடிச்சிக் குடுக்கணுமாம். மூணு மாசம்."

"மூணு மாசத்துக்கப்புறம்?"

தங்க மூடியைத் திருகி மூடினார். "அப்புறம் இன்னா? வேலையே இல்லன்னா ஆளு எதுக்கு?"

எனக்குப் புரிந்தது. தாளில் என் பெயரைத் தேடினேன். இல்லை. அந்த நொடியில் எனக்குள் பொங்கிய சந்தோஷத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"பதினொண்ணாவது எடம் காலியா கீது," என்றார். "காலியா வுட்டா இன்னா ஆவும்?"

"மெஷினே ரொப்பிடும்."

"யார வெச்சி?"

"இருக்கறதுல நல்லவனா பாத்து."

"மேல கீறவனும் ஒரு மெஷின்தான் நைனா. எங்கிட்ட தப்பே இல்லாம வேல செய்றவன் யாரு? நீ. அதான் காலியா வுட எனக்கு மனசு வரல." தாளை என் பக்கம் திருப்பினார். "ஒரு பேரு எய்து."

"நீங்களே எழுதிடுங்க சார்."

"பத்து எய்திட்டேன். கை வலிக்குது."

கை நீட்டினேன். காது உடைந்த பேனா வந்தது.

ஜன்னலுக்கு வெளியே உப்பளம் வெள்ளையாகக் கிடந்தது. யாரை எழுதினால் குறைவாக வலிக்கும் என்று யோசித்தேன். யாருக்கு வலிக்கும் என்று யோசிக்கவில்லை. யாரை எழுதினால் எனக்குக் குறைவாக வலிக்கும் என்றுதான். சண்டைக்கு வராதவன் யார்? கேட்டாலும் சிரிக்கிறவன் யார்? இறங்கு என்றால் இறங்குகிறவன். முதல் எழுத்து விழவில்லை. பேனா வறண்டிருந்தது. தாளின் ஓரத்தில் கிறுக்கிக் கிறுக்கி மையை வரவழைத்தேன். அப்புறம் எழுதினேன்.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "குனியறதுல நீதான்டா கெட்டிக்காரன்," என்றார், மிகப் பிரியமாக.

சாயங்காலம் பஸ்ஸில்தான் கவனித்தேன், பேனா என் பையிலேயே வந்துவிட்டிருந்தது. மறுநாள் கொண்டுபோய் நீட்டினேன். அவர் சட்டைப் பையில் அதற்குள் வேறொரு நீலப் பேனா இருந்தது, தங்க மூடிக்குப் பக்கத்தில்.

"வெச்சிக்கோ நைனா," என்றார் நிமிராமல்.

அறிவிப்பு ஆங்கிலத்தில் வந்தது. பதினொரு பேருக்கும் தனி அறை, சிவப்புப் பட்டையில் தொங்கும் புது அடையாள அட்டை. மற்றவர்களுக்கு நீலப் பட்டைதான். தசரதன் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் முன் வந்து நின்றான். ஒரு கணம் அவன் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது.

"மச்சான், உன்ன ஒண்ணு கேக்கட்டா? ஸ்பெஷல்னா... அந்த கேம்ல போடுவாரே, அது மாதிரி இல்லியே?"

சொல்லியிருக்கலாம். அந்த நாளில்கூடச் சொல்லியிருக்கலாம். அவன் வேறு வேலை தேடத் தொடங்கியிருப்பான். பக்கத்துக் கட்டடத்தில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவன் போனால் பதினொன்றாவது இடம் மறுபடி காலியாகும்.

"சீ, அது வேறடா," என்றேன். "இது தோச மாதிரி."

அவன் முகம் மலர்ந்ததை என்ன சொல்வது. ஊர் முழுக்கச் சொன்னான். அந்த வாரமே அவன் அம்மா எங்களுக்கு ஒரு கூடை நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்பினாள். அந்தக் குளிர்சாதன அறைக்கே கடல் வந்துவிட்டது. மரக்காணம் பக்கம் அவனுக்குப் பார்த்திருந்த ஒரு பெண். ஒரு வருடமாகப் பிடி கொடுக்காமல் இருந்த வீடு. பையன் ஸ்பெஷல் டீமில் இருக்கிறான் என்றதும் தலையாட்டிவிட்டது. தை மாதம் முகூர்த்தம்.

மூன்று மாதம் அந்தப் பதினொரு பேரும் ஓடினார்கள். தலை நிமிராமல், பழைய எலும்புகளாகத் திறந்து திறந்து எண் போட்டு. அவர் தினமும் ஒருமுறை அந்த அறைக்குள் எட்டிப் பார்த்து, "சூப்பரா ஓடறீங்கடா," என்பார். காலை ஆறரைக்கு எங்கள் ஆட்டமும் நடந்தது. தசரதன் என்ற ஆட்டக்காரனும் ஓடினான், மோதினான், விழுந்தான். அவர் ஒவ்வொரு நாளும் சொன்னார். நாங்கள் ஒவ்வொரு நாளும் சிரித்தோம்.

பிறகு ஒரு காலை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தசரதன். அட்டையை வைக்கிறான், கதவு திறக்கவில்லை. மறுபடி வைக்கிறான். அட்டையைச் சட்டையில் தேய்த்துவிட்டு வைக்கிறான். ஊதிவிட்டு வைக்கிறான். கருவியில்தான் கோளாறு என்று நினைத்துக் காவலாளியைப் பார்த்துச் சிரிக்கிறான். காவலாளி தரையைப் பார்க்கிறார். உள்ளே நானும் அவரும். அவர் கையில் டீ.

"ஓடறவன் ஓடி முடிச்சிட்டான்," என்றார். ஒரு வாய் உறிஞ்சினார். "கதவத் தொறந்து சொல்லிட்டு வா, நைனா. நீதான் அவனுக்கு ஃப்ரெண்டு."

போனேன். வாசல் வெயிலில் நின்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. அவன் கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் கல்யாணப் பத்திரிகைகள், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியவை. ஆபீசில் கொடுப்பதற்காகக் கொண்டுவந்திருந்தான். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. பத்து நாளில் மரக்காணத்திலிருந்து ஆட்கள் வந்து, தட்டு மாற்றியபோது கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஆனால் அந்தக் காலையில் அது இன்னும் நடக்க இருந்த கல்யாணம்.

"சார்தான் என் பேர எழுதினாரா?" என்று கேட்டான்.

நான் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீ வேணாம்னு சொல்லிருப்ப," என்றான். "எனக்குத் தெரியும் மச்சான். சார் கேட்டிருக்க மாட்டாரு."

பையிலிருந்து ஒரு பத்திரிகையை உருவினான். உறையைத் தொடையில் வைத்து நீவினான். "பேரு எழுதாம குடுக்கக் கூடாதாம், அம்மா சொல்லிச்சி. பேனா கீதா?"

என் சட்டைப் பையில் ஒன்றுதான் இருந்தது.

காது உடைந்த அந்த மூடியைக் கழற்றினான். முதல் எழுத்து விழவில்லை. உறையைக் கெடுக்க மனமில்லாமல் உள்ளங்கையில் கிறுக்கி மையை வரவழைத்தான். பிறகு நிதானமாக, பள்ளிக்கூடப் பையன் கையெழுத்தில், திரு என்று போட்டு என் பெயரை எழுதினான். ஊதிக் காயவைத்துக் கொடுத்தான்.

அப்புறம் மூடியைத் தேடி மாட்டி, என் பையிலேயே பேனாவைச் செருகினான்.

"இந்தா. மறந்துட்டுப் போயிடப் போறேன்," என்றான்.